ஏரியா? புல்வெளியா? – ஃபுளோரிடாவில் இரண்டு இரவுகள்

(பி.ஏ. வரலாறு, 1974–77 அணி)



மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. "ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுத ஆறு பேர் இருக்காங்க. கல்ச்சுரல்ஸ் பத்தி எழுத நாலு பேர் இருக்காங்க. நீ ஹிஸ்டரிக்காரன், உருப்படியா வேற எதாவது எழுதிக் கொடுப்பா" என்றார்கள். படித்தது வரலாறு என்றாலும் நான் பார்த்த உத்தியோகம் நில அளவை. முப்பத்து நான்கு வருஷம் சங்கிலியும் புலப்படமுமாக வயல் வரப்பில் நடந்தவன். அதனால், அளந்து முடிக்கவே முடியாத ஒரு நிலத்தைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. சென்ற டிசம்பரில் அங்கே இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கினேன். எழுபது வயதில் இது தேவையா என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் ஃபுளோரிடா மாநிலம். அதன் வடபகுதியில் கெயின்ஸ்வில் என்றொரு பல்கலைக்கழக ஊர். என் மகளும் மருமகனும் அங்கே இருக்கிறார்கள். ஊருக்குத் தெற்கே காரில் கால் மணி, இருபது நிமிஷம் போனால் பெயின்ஸ் ப்ரெய்ரி என்ற மாநிலப் பூங்கா. பூங்கா என்றவுடன் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வரவேண்டாம். 21,000 ஏக்கருக்கு மேல் பரந்த சதுப்பு நிலம், புல்வெளி, காடு. "மாமா, இந்தியாவுக்குத் திரும்பறதுக்குள்ள ஒரு தடவை கேம்பிங் போயிடலாம்" என்றார் மருமகன். பேரன் துள்ளிக் குதித்தான். நானும் குரங்குக் குல்லாயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நம் என்.சி.சி. முகாமில் மழையில் நனைந்த டெண்ட்டுக்குள் எட்டுப் பேர் படுத்திருந்ததைவிடவா மோசமாக இருக்கப்போகிறது?

முதல் நாள்: கோபுரத்தின் மேல்

வாசலில் கட்டணம் கட்டி உள்ளே போனதும் இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் தாடி தாடியாக ஏதோ தொங்குகிறது. அதை ஸ்பானிஷ் பாசி என்கிறார்கள். அது பாசியும் இல்லை, ஸ்பெயினிலிருந்து வந்ததும் இல்லை. அன்னாசிப்பழக் குடும்பத்துச் செடியாம். பெயரை நம்பி மோசம் போகக்கூடாது என்பதற்கு அந்த இடத்தின் முதல் பாடம் அதுதான்.

பார்வையாளர் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐம்பது அடி உயரத்துக்கு ஒரு மரக் கோபுரம். மூச்சு வாங்க ஏறிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான நிலம். பழுப்புப் புல், நடுநடுவே தகடு தகடாகத் தண்ணீர், தூரத்தில் புள்ளி புள்ளியாகக் குதிரைகள். என் உத்தியோகக் கண் உடனே வேலை செய்தது. நாலு பக்கமும் மேடு, நடுவில் பள்ளம். கரை இருக்கிறது, நீர்வரத்து இருக்கிறது. "இது ஏரிதானேப்பா, ஏன் ப்ரெய்ரிங்கறாங்க?" என்றேன். ப்ரெய்ரி என்றால் புல்வெளி. மருமகன் சிரித்தார். "அதைத்தான் மாமா இங்க இருநூத்தம்பது வருஷமா கேட்டுக்கிட்டிருக்காங்க."

விஷயம் இதுதான். ஃபுளோரிடாவின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் மெல்ல மெல்ல அதைக் கரைத்து உள்ளே பொந்தாக்கும். ஒரு நாள் மேல்தளம் இறங்கி அமிழ்ந்துவிடும். அப்படி அமிழ்ந்த பல குழிகள் பல்லாயிரம் ஆண்டுகளில் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டான பெரும் பள்ளம் இது. வடகிழக்கே நியூனன்ஸ் ஏரி என்று ஒன்று உண்டு. அதிலிருந்து ஓடை வழியாக வரும் தண்ணீர் இந்தப் பள்ளத்தில் பரவி, வடகரையில் இருக்கும் அலாச்சுவா சிங்க் என்ற குழிக்குள் இறங்கி நிலத்தடிக்குப் போய்விடும். நம்மூர் ஏரிக்கு மதகு கரையில் இருக்கும்; இதற்கு மதகு பாதாளத்தில் இருக்கிறது! அந்தக் குழி திறந்திருந்தால் இது புல்வெளி. அடைத்துக்கொண்டால் ஏரி. மழை அதிகமானாலும் ஏரி. இத்தனை வரலாறும் அந்த ஒரு குழியைச் சுற்றித்தான்.

மாடும் மன்னனும்

மனிதர்கள் இங்கே வந்து சுமார் பன்னிரண்டாயிரம் வருஷம் ஆகிறது என்கிறார்கள் தொல்லியலார். 2000-ஆம் ஆண்டுப் பெரும் வறட்சியில் நியூனன்ஸ் ஏரி வற்றியபோது, சேற்றுக்குள்ளிருந்து மரத்தைக் குடைந்து செய்த ஓடங்கள் 101 வெளிப்பட்டன. சில 500 வருஷம் பழையவை, சில 5,000 வருஷம் பழையவை. அவ்வளவு ஓடங்கள் ஒரே இடத்தில் வேறெங்கும் கிடைத்ததில்லை. தண்ணீர் வற்றினால்தான் தண்ணீரின் வரலாறு தெரிகிறது, பாருங்கள்.

ஸ்பானியர்கள் 1565-இல் செயின்ட் அகஸ்டின் ஊரை நிறுவிக் குடியேறினார்கள். அடுத்த நூற்றாண்டில் இந்தப் புல்வெளியின் கரையில் லா சுவா என்ற மாட்டுப் பண்ணை எழுந்தது. ஸ்பானிய ஃபுளோரிடாவிலேயே பெரிய பண்ணை அது. 1682-இல் பிரெஞ்சுக் கடற்கொள்ளையர்கள் உள்நாட்டுக்குள் புகுந்து இந்தப் பண்ணையைத் தாக்கிப் பண்ணையாரைப் பிடித்துப்போனார்கள். மீட்டுக் கொண்டுவந்தவர்கள் இந்த மண்ணின் பழங்குடிகளான டிமுகுவாக்கள். 1700களின் தொடக்கத்தில் வடக்கேயிருந்து ஆங்கிலேயரும் அவர்களோடு சேர்ந்த கிரீக் இனத்தவரும் நடத்திய படையெடுப்புகளில் பண்ணையும் போயிற்று, டிமுகுவாக்களும் சிதறிப்போனார்கள். ஆனால் லா சுவா என்ற பெயர் மட்டும் போகவில்லை. அதுதான் இன்றைக்கு அலாச்சுவா மாவட்டம்.

மேய்ப்பாரில்லாமல் போன மாடுகள் புல்வெளியிலேயே பெருகின. அவற்றை நம்பி 1750 வாக்கில் செமினோல் தலைவர் அஹாயா இங்கே வந்து கஸ்கோவில்லா என்ற ஊரை அமைத்தார். ஏராளமான மாடுகள் வைத்திருந்ததால் ஆங்கிலேயர் அவருக்கு வைத்த பெயர் 'கௌகீப்பர்'. நம் பாஷையில் சொன்னால் கோனார்!

1774-இல் அவரைப் பார்க்க ஒரு விருந்தாளி வந்தார். பிலடெல்பியாக்காரர், பெயர் வில்லியம் பார்ட்ரம். செடிகொடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர். லண்டனிலிருந்த டாக்டர் ஃபாதர்கில் என்ற வைத்தியர் பணம் கொடுத்து அனுப்பியிருந்தார். செடி பறிக்க இவ்வளவு தூரம் வந்த ஆளைப் பார்த்துக் கௌகீப்பருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். எங்கே வேண்டுமானாலும் சுற்றிக்கொள் என்று அனுமதி கொடுத்து, 'பக் பக்கி' என்றும் பெயர் சூட்டினார். பூ வேட்டைக்காரன் என்று பொருளாம். பார்ட்ரம் இந்த வெளியைப் பார்த்து மலைத்துப்போனார். மேயும் குதிரைகள், மாடுகள், கொக்குக் கூட்டங்கள், அந்தப் பாதாளக் குழி, அதில் மீனுக்காக அடித்துக்கொள்ளும் முதலைகள் – எல்லாவற்றையும் 1791-இல் வெளியான தம் பயண நூலில் எழுதினார். கோல்ரிட்ஜ் போன்ற ஆங்கிலக் கவிஞர்கள் அந்த நூலைப் படித்துச் சொக்கிப்போனார்கள். நம் இங்கிலீஷ் கிளாசில் கோல்ரிட்ஜைப் படித்தபோது பின் பெஞ்சில் தூங்கிய எனக்கு, இத்தனை வருஷம் கழித்து அவர் ஃபுளோரிடாவில் வந்து மாட்டிக்கொண்டார்.

கௌகீப்பருக்குப் பின் தலைவரானவர் பெயின். 1812-இல் ஜார்ஜியாவிலிருந்து டேனியல் நியூனன் என்பவர் ஒரு படையோடு வந்தார். நடந்த சண்டையில் பட்ட காயத்தால் பெயின் இறந்தார். அடுத்த வருஷம் வந்த அமெரிக்கப் படை அவருடைய ஊரையும் கொளுத்தியது. 1821-இல் ஃபுளோரிடா அமெரிக்கா வசமானது. 1830-இல் பழங்குடிகளை மேற்கே அப்புறப்படுத்தும் சட்டம் வந்தது. 1835 முதல் 1842 வரை செமினோல்களோடு பெரும் போர் நடந்தது. பூங்கா வாசலுக்குப் பக்கத்து ஊருக்கு மிகனோப்பி என்று பெயர். அதுவும் ஒரு செமினோல் தலைவரின் பெயர்தான். அவரைப் பிடித்து மேற்கே அனுப்பினார்கள், அங்கேயே இறந்துபோனார். ஊருக்கு அவர் பெயர், குடியிருந்தவர்கள் வேறு ஆட்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புல்வெளிக்குப் பெயர் பெயின். அதற்குத் தண்ணீர் தரும் ஏரிக்குப் பெயர் நியூனன். செத்தவன் பெயரும் அவனை எதிர்த்து வந்தவன் பெயரும் ஒரே ஓடையால் இணைந்து கிடக்கின்றன. வரைபடம் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தாலும் எழுத அதில் இடம் கிடையாது. அந்த வேலையைச் செய்தவன் சொல்கிறேன்.

இரவு: பூ வேட்டைக்காரன் முகாம்

கூடாரம் போடும் இடத்துக்குப் பெயரே 'பக் பக்கி' முகாம்தான். பார்ட்ரமுக்கு வைத்த அதே பெயர். வாபர்க் என்ற ஏரிக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம். ஒரு மேஜை, தீ மூட்ட இரும்பு வளையம், தண்ணீர்க் குழாய், மின்சாரம். கொஞ்ச தூரத்தில் சுத்தமான குளியலறை. காட்டுக்குள் இவ்வளவு சௌகரியமா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

மகள் கட்டிக் கொடுத்த புளியோதரையும் வடகமும் மேஜைமேல் இருந்தன. விளக்கை எடுக்கக் கூடாரத்துக்குள் போய்த் திரும்புவதற்குள், முகத்தில் கறுப்பு முகமூடி போட்டாற்போல ஒரு பிராணி டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தது. ரக்கூன்! கை விரல்களைப் பார்க்கவேண்டுமே, நம்ம மெஸ்ஸில் ராத்திரி புகுந்து அப்பளம் எடுத்த ஆசாமிகள் தோற்றார்கள். சாப்பாட்டை வெளியில் வைக்காதீர்கள் என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த வடகத்தைக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினோம்.

இரவு 11 மணிக்கு மேல் யாரும் சத்தம் போடக்கூடாது என்று விதி. மனிதர்கள் அடங்கியதும் மற்றவர்கள் ஆரம்பித்தார்கள். ஏரிப் பக்கம் எதுவோ தண்ணீரில் விழுந்தது. ஆந்தை ஒன்று எட்டு அட்சரமாக ஏதோ கேட்டது, எதிர்க் காட்டிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. "தாத்தா, அது முதலையா?" என்று பேரன் நான்கு முறை கேட்டான். "ஆந்தைடா, தூங்கு" என்று சொல்லிவிட்டு நான் விழித்துக்கொண்டிருந்தேன். ஃபுளோரிடா என்றால் வெயில் என்று நம்பிப் போனவனுக்கு அந்த டிசம்பர்க் குளிர் எலும்பில் இறங்கியது. குரங்குக் குல்லாய் மானத்தைக் காப்பாற்றியது.

இரண்டாம் நாள்: கப்பல் ஓடிய புல்வெளி

மறுநாள் வடகரைக்குப் போனோம். லா சுவா நடைபாதை, அந்தப் பழைய பண்ணையின் பெயர்தான். மரப்பலகைப் பாதை அலாச்சுவா சிங்க் ஓரமாகப் போகிறது. கரையில் முதலைகள் கட்டை கட்டையாக வெயில் காய்கின்றன. இருபது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அலிகேட்டர் இனம்; அகன்ற மூக்கு. தீனி போடுவது சட்டப்படி குற்றம். தீனி கண்ட முதலைக்கு மனிதன் மேல் பயம் போய்விடும் என்பதுதான் காரணம்.

இந்தக் குழிதான் 1871-இல் அடைத்துக்கொண்டது. பெரிய மழை, இறங்க வழியில்லாத தண்ணீர். மாடு மேய்ந்த வெளி முழுவதும் ஏரியாயிற்று. ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, சுமார் இருபது வருஷம்! அலாச்சுவா ஏரி என்று பெயர் வைத்து, அதில் நீராவிப் படகுகள் ஓட்டினார்கள். சரக்கும் ஜனங்களும் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்தார்கள். இருபது வருஷம் என்றால் ஒரு தலைமுறை. அங்கே பிறந்த பிள்ளைக்கு அது ஏரி, அவ்வளவுதான். திடீரென்று 1891-இல் குழி திறந்துகொண்டது. தண்ணீர் இறங்கியது. படகுகள் சேற்றில் தரை தட்டின. மீன்கள் குவியல் குவியலாகச் செத்தன. மறுபடியும் புல் முளைத்தது, மாடு வந்தது.

இதற்குப் பிறகு நிலத்தின் சொந்தக்காரர்கள் யோசித்தார்கள். இனி இது ஏரியாகவே ஆகக்கூடாது. கேம்ப் என்ற குடும்பத்தார் கால்வாய் வெட்டி, கரை போட்டு, நியூனன்ஸ் ஏரியிலிருந்து வரும் தண்ணீரை இந்தப் பள்ளத்துக்கு வராமல் தெற்கே வேறு ஏரிக்குத் திருப்பிவிட்டார்கள். 1920களில் குறுக்கே நெடுஞ்சாலை 441 வந்தது. 1960களில் இன்னொரு பெரிய சாலை. கெயின்ஸ்வில் ஊரிலிருந்து ஸ்வீட்வாட்டர் என்ற ஓடை வரும். முன்பு புல்வெளியில் பரவி, வடிந்து, சுத்தமாகிக் குழிக்குப் போகும் தண்ணீர். அதற்கும் நேர்க்கோடாக வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்து நீரும் சேர்ந்து, பரவ வழியில்லாமல் நேரே குழிக்குள், அதாவது ஜனங்கள் குடிக்கும் நிலத்தடி நீருக்குள் இறங்கியது.

நண்பர்களே, அந்தப் பலகைப் பாதையில் நின்றபோதுதான் எனக்கு ஒரு பழைய ஃபைல் ஞாபகம் வந்தது.

என் கணக்கு ஒன்று

எண்பதுகளில், மழை தொடர்ந்து பொய்த்த சமயம். சிற்றூர் ஒன்றின் சின்ன ஏரியை அளக்க என்னை அனுப்பினார்கள். கரை தேய்ந்து ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. உள்ளே வேலிக்கருவை. மதகில் ஆடு கட்டியிருந்தார்கள். ஆடு கட்டியிருந்த பெரியவர் சொன்னார்: "தண்ணி வரும் தம்பி. வரும்போது வரும்." நான் கையெழுத்துப் போட்ட குறிப்பு வேறு: 'நீர் தேங்குவதில்லை. பல ஆண்டுகளாகத் தரிசு.' பார்த்ததைத்தான் எழுதினேன். பொய் எழுதவில்லை, யாரிடமும் பத்துப் பைசா வாங்கவில்லை. ஆனால் எத்தனை வருஷமாகத் தேங்கவில்லை, அதற்கு முன் எப்படி இருந்தது என்று பழைய பதிவேட்டை நான் புரட்டவில்லை. வரலாறு படித்தவன், புரட்டியிருக்க வேண்டும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே காகிதம் நகர்ந்து, பின்னால் அங்கே மனைப் பிரிவு வந்தது.

2015 டிசம்பர் மழையில் அந்த மனைகளில் இடுப்பளவு தண்ணீர். அங்கே வீடு கட்டியவர்களில் நம் அணி நண்பன் ஒருவனும் உண்டு. பெயர் வேண்டாம். கல்யாண ஆல்பம் முதல் காலேஜ் குரூப் போட்டோ வரை ஊறிப்போயிற்று என்று அடுத்த சந்திப்பில் சொல்லி அழுதான். தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னேனே தவிர, அந்தக் குறிப்பு என் கையெழுத்து என்று சொல்லவில்லை. இந்த மலரில்தான் அவன் முதல்முதலாக அதைப் படிக்கப்போகிறான்.

திருப்பிக் கொடுத்தவர்கள்

பெயின்ஸ் ப்ரெய்ரியில் நடந்ததில் என்னைத் தொட்டது அதன் அழகு மட்டுமல்ல, செய்த தப்பைத் திருத்தியவிதம். 1970-இல் ஃபுளோரிடா மாநிலம் இந்த நிலத்தை விலைக்கு வாங்கியது. 1971-இல் அந்த மாநிலத்தின் முதல் பாதுகாப்புப் பூங்காவாக ஆக்கியது. 1974-இல் தேசிய இயற்கைச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. முன்னொரு காலத்தில் காட்டெருமைகள் திரிந்த இடம் என்பதால் 1975-இல் ஓக்லஹோமாவிலிருந்து பத்துக் காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஸ்பானியர் விட்டுப்போன இனத்துக் குதிரைகளும் மாடுகளும்கூட வந்தன. நியூனன்ஸ் ஏரித் தண்ணீரில் ஒரு பகுதியைப் பழைய வழிக்குத் திருப்பிவிட்டார்கள்.

நெடுஞ்சாலை 441-ஐ எடுத்துவிட முடியாது. ஆனால் அதில் பாம்பும் ஆமையும் தவளையும் அரைபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. சாலையின் இரு பக்கமும் சுமார் மூன்றரை அடிக்குச் சுவர் எழுப்பினார்கள். உச்சியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஏறுகிற பாம்பு அங்கே திரும்பிவிடும். கீழே சாலைக்கு அடியில் குழாய்ப் பாதைகள். சுவர் வருவதற்கு முந்தின 12 மாதத்தில் அந்தச் சாலையில் எண்ணிய சாவு 2,411. சுவர் கட்டிய பிறகு ஒரு வருஷத்தில், மரத்தவளைகளைச் சேர்க்காமல், 158. மரத்தவளை எந்தச் சுவரிலும் ஏறிவிடும், அதை என்ன செய்ய! எண்ணியவர்களின் பொறுமையைத்தான் நான் மெச்சினேன். செத்த தவளையை எண்ணுவதும் ஓர் அளவை வேலைதானே.

ஸ்வீட்வாட்டர் ஓடைக்கு ஒரு வழி செய்தார்கள். 125 ஏக்கருக்கு மேல் செயற்கைச் சதுப்புக் குளங்கள் வெட்டி, நகரத்து நீரை முதலில் அங்கே தேக்கி, செடிகளும் சேறும் அழுக்கை உறிஞ்சியபின் புல்வெளியில் பரவவிட்டார்கள். நேராக வெட்டிய பழைய வாய்க்காலை மூடினார்கள். 1,300 ஏக்கருக்கு மேல் பழையபடி மெல்லிய பாய் விரித்தாற்போலத் தண்ணீர் பரவுகிறது. 2015-இல் அந்தக் குளங்களையும் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். அதே 2015-தான், எங்கள் ஊர் மனையில் தண்ணீர் நின்ற வருஷம்.

செலவு, விவாதம், வழக்கமான இழுபறி எல்லாம் அங்கேயும் உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். சாலைகள் இருக்கின்றன, இரைச்சல் இருக்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்: இது சில சமயம் ஏரி, சில சமயம் புல்வெளி, இரண்டில் எதையும் நிரந்தரம் என்று பட்டாப் போட முடியாது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் அடித்தபோது அது நிரூபணமாயிற்று. பள்ளம் நிரம்பி மறுபடி ஏரியாயிற்று. நாங்கள் நின்ற லா சுவா பாதை முழுகிச் சேதமாகி, நாளாகப் பூட்டிக்கிடந்தது. வீடு எதுவும் அந்தப் பள்ளத்தில் இல்லை. யாருடைய கல்யாண ஆல்பமும் ஊறவில்லை. தண்ணீர் வந்தது, இருந்தது, போயிற்று.

கொக்குகள்

இரண்டாம் நாள் சாயங்காலம் மறுபடி கோபுரத்தில் ஏறினோம். வடக்கே தூரத்திலிருந்து ஒரு சத்தம், மரச்செக்கு சுற்றுவதுபோல். பிறகு வானத்தில் கோடு கோடாகச் சாண்ட்ஹில் கொக்குகள். சாம்பல் உடம்பு, நெற்றியில் குங்குமம் வைத்தாற்போலச் சிவப்பு, பேரன் உயரத்துக்குக் குறையாது. வடக்கே பனிப் பிரதேசங்களிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் ஆயிரக்கணக்கில் இங்கே வருகின்றன. பார்ட்ரமும் இந்தக் கொக்குக் கூட்டங்களை இங்கே பார்த்து எழுதியிருக்கிறார். பண்ணையார் போனார், பெயின் போனார், கப்பல் போயிற்று, கால்வாய்க்காரர் போனார். கொக்குக்கு மட்டும் இது எப்போதும் ஒரே இடம்.

"தாத்தா, தண்ணி இல்லாத வருஷம் இதுங்க எங்க போகும்?" என்றான் பேரன்.

"கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கும்டா. அப்புறம் வரும்."

"தண்ணி வரும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மதகில் ஆடு கட்டியிருந்த பெரியவரைக் கேட்டிருக்கலாம்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. டிசம்பர், ஜனவரி நல்ல காலம். கொசு குறைவு, கொக்கு அதிகம். கம்பளி அவசியம். கூடார இடத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். முதலையிடமிருந்து தள்ளி நில்லுங்கள். புளியோதரையை ரக்கூனிடமிருந்து தள்ளி வையுங்கள்.

போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், தேதியை ஒப்பித்தால் மார்க் தருவார், "அதுக்கு முன்னாடி என்ன?" என்று கேட்டுப் பாதி மார்க்கைப் பிடுங்கிக்கொள்வார். அன்றைக்கு அது எரிச்சலாக இருந்தது. மனை வாங்குமுன், பிள்ளைக்கு வீடு பார்க்குமுன், காய்ந்து கிடக்கும் பள்ளத்தைப் பார்த்து இது வெறும் தரிசு என்று சொல்லுமுன், தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டவன்.

என் நண்பனுக்கு: சந்திப்பு அன்று காலை டிபனுக்கு முன்னாலேயே உன்னைத் தேடி வருவேன். திட்டுவதாக இருந்தால் திட்டு. முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். உன் குரூப் போட்டோவின் இன்னொரு பிரதி என்னிடம் இருக்கிறது. பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டிக் கொண்டுவருகிறேன்.